நியாகோகோவின் தோல் வாஷர்

நியாகோகோ ஊரின் அடிபம்பு ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் உயிரை விட்டது. சைக்கிள் ரிப்பேர் செய்யும் ஒடேராவும் அவன் கூட்டாளி சிலாஸும் குழாயை மேலே இழுத்துப் பிரித்துப் பார்த்தார்கள். உள்ளே இருந்த தோல் வாஷர், டீயில் அதிக நேரம் முக்கிவைத்த பிஸ்கட் மாதிரி விரலோடு வந்துவிட்டது. அவ்வளவுதான் கோளாறு. பழைய பூட்ஸின் அடித்தோலை வட்டமாக வெட்டி, எண்ணெயில் ஊறவைத்து மாட்டினால் மத்தியானக் களிக்கு முன்னால் தண்ணீர் வந்துவிடும்.

ஒடேரா தோலை வெட்டியும் விட்டான். அவன் ஆயுளில் வெட்டிய வட்டங்களிலேயே அழகான வட்டம் அது. மாட்டக் குனிந்தபோது வெள்ளை வண்டி வந்து நின்றது. அந்த வண்டி நியாகோகோவுக்கு மழையைவிட ஒழுங்காக வந்துகொண்டிருந்தது. அதிலிருந்து இறங்கினாள் பெர்பெட்டுவா. ஏரிக்கரை நல்வாழ்வு ஆய்வுக் கழகத்தில் கணக்கெடுக்கும் பெண். ஒடேராவுக்குப் பங்காளி வீட்டுப் பிள்ளை.

"சித்தப்பா, கையை எடுங்க."

"இதை மாட்டிட்டு எடுக்குறேன் மகளே."

"மாட்டக் கூடாது. நீங்க ஒப்பீட்டு ஊரு."

ஒடேரா அதை மறந்தே போயிருந்தான். பதினாலு மாதத்துக்கு முன்னால் வட்டாரத் தலைவர் ஊரைக் கூட்டி, தன் தொப்பியைக் கழற்றி, அதற்குள் இரண்டு சீட்டு போட்டுக் குலுக்கினார். ஒரு சீட்டுக்குப் புதுப் பம்பு, கிணறு, சோப்பு, பயிற்சி எல்லாம். இன்னொரு சீட்டுக்கு ஒன்றும் இல்லை. பக்கத்து ஊரான உலாலோவுக்குப் பம்பு விழுந்தது. நியாகோகோவுக்கு ஒன்றும் இல்லாதது விழுந்தது. அதற்கும் எல்லாரும் கைதட்டி, வரிசையில் நின்று கட்டைவிரல் ரேகை வைத்தார்கள். இரண்டு வருஷம் இரண்டு ஊரையும் அளந்து ஒப்பிட்டுப் பார்ப்பார்களாம். பம்பு நல்லது என்று நிரூபணமாகிவிட்டால் நியாகோகோவுக்கும் ஒன்று போடுவார்களாம். ஊரில் ஏற்கெனவே பழைய பம்பு ஒன்று ஓடிக்கொண்டிருந்ததால் அன்றைக்கு யாரும் கவலைப்படவில்லை.

பெர்பெட்டுவா அலுவலகத்தைக் கேட்டுவிட்டு வருகிறேன் என்று கறையான் புற்றின் மேல் ஏறினாள். நியாகோகோவில் சிக்னல் கிடைப்பது அந்தப் புற்றின் உச்சியில் மட்டும்தான். கால் மணி நேரம் அங்கே நின்று தலையை ஆட்டிவிட்டு இறங்கி வந்தாள். பம்பு தானாக உடைந்ததாம், அதனால் அது இயற்கை. அதை மனிதன் சரிசெய்தால் தலையீடு. ஒப்பீட்டு ஊரில் இயற்கைக்கு அனுமதி உண்டு, தலையீட்டுக்குக் கிடையாது.

"செருப்புத் தோலு தலையீடா?" என்றான் சிலாஸ். "நாங்க இயற்கை இல்லையா? எங்க ஆத்தா பெத்துப் போட்டதுதானே?"

பெர்பெட்டுவா அதைக் குறித்துக்கொண்டாள். அவளிடம் எது சொன்னாலும் குறித்துக்கொள்வாள்.

ஒடேரா வாஷரைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். அன்றிலிருந்து ஊர், மாடுகள் இறங்கும் குளத்துக்குப் போனது. விறகு கிடைத்த நாளில் காய்ச்சிக் குடித்தார்கள். கிடைக்காத நாளில் துணியில் வடிகட்டிக் குடித்தார்கள். ஒடேராவின் மகள் அடோங்கோவுக்கு நாலு வயது. ஒரே மாதத்தில் மூன்று முறை வயிறு போயிற்று. மருந்தகத்து நர்ஸ் அவள் மேற்கையில், பிள்ளை எவ்வளவு மெலிந்திருக்கிறது என்று காட்டும் வண்ண நாடாவைச் சுற்றிப் பார்த்தாள். நாடா பச்சையிலிருந்து மஞ்சளுக்கு வந்திருந்தது. அடுத்தது சிவப்பு, சிவப்பானால் வண்டி பிடித்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும், அதற்கு முன்னால் நல்ல தண்ணீர் கொடுங்கள் என்றாள் நர்ஸ். ஒடேரா பையிலிருந்த வாஷரைத் தடவிக்கொண்டு சரி என்றான்.

மறுநாள் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஆய்வுக் கழகத்துக்கே போனான்.

வாசலில் நான்கு பதிவேட்டில் பெயர் எழுதினார்கள். கழுத்தில் 'பார்வையாளர்' என்று அட்டை மாட்டினார்கள். கட்டடம் தீப்பிடித்தால் எந்த மரத்தடியில் போய் நிற்க வேண்டும் என்று முக்கால் மணி நேரம் பாடம் எடுத்தார்கள். அடுத்து ஏழு படிகளில் கை கழுவும் முறை. குழாயைத் திறந்ததும் தண்ணீர் கண்ணாடி மாதிரி கொட்டியது. ஒடேரா பாடம் சரியாகப் புரியவில்லை என்று சொல்லி மூன்று முறை கழுவினான். நான்காவது முறை, சொல்லிக்கொடுத்தவர் அந்தப் பக்கம் திரும்பியபோது, வயிறு முட்டக் குடித்தான்.

இயக்குநர் டாக்டர் ஒசோகோவின் அறையில் நியாகோகோ குளம் ஆள் உயரப் படமாகத் தொங்கியது. அதில் மாடும் பிள்ளைகளும் ஒரே வரிசையில் குனிந்து குடித்துக்கொண்டிருந்தார்கள். படம் நன்றாகத்தான் வந்திருந்தது.

"ஒடேரா," என்றார் இயக்குநர், "இந்தக் கண்டத்துல பம்பு உடைஞ்ச ஊரு ஆயிரம் இருக்கு. உடைஞ்சதை இவ்வளவு நுணுக்கமா அளக்குற ஊரு உங்களோடது ஒண்ணுதான். உங்க ஊர்ல தண்ணி இல்லாதது எங்களுக்கு எவ்வளவு பெரிய சொத்து தெரியுமா? அதைப் போய் ஒரு செருப்புத் துண்டால கெடுக்கலாமா?"

மகளுக்கு ஆறு நாளாக வயிறு போகிறது என்று ஒடேரா ஆரம்பித்தான். இயக்குநர் இரண்டு காதையும் பொத்திக்கொண்டார்.

"என்கிட்டச் சொல்லாதீங்க. கேட்டா எனக்கு இரக்கம் வந்துரும். இரக்கம் வந்தா நடுநிலை போயிரும். அப்புறம் உங்க துக்கத்துக்கே மதிப்பு இல்லாமப் போயிரும். அதுக்குத்தான் படிவம் வச்சிருக்கோம். பொண்ணு வருவா, கேப்பா, அவகிட்டச் சொல்லுங்க. ஒரு சொட்டுக் கண்ணீர்கூட வீணாகாது."

இருந்தாலும் கழகம் கல்நெஞ்சம் கொண்டதல்ல. வாஷர் மாட்ட நாற்பது பக்க விண்ணப்பம் ஒன்று இருந்தது. அதை ஒடேரா தன் தங்கை மகளை வைத்துப் பதினொரு நாள் எழுதி அனுப்பினான். நெறிமுறைக் குழு மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூடும். கூடியது. பதில் வந்தது. வாஷருக்கும் தண்ணீருக்கும் தொடர்பு இருப்பதாக மனுதாரர் கருதுவது ஆர்வமூட்டுகிறது. ஆனால் இன்னொரு ஊரில் வாஷர் மாட்டாமல் வைத்து ஒப்பிட்டுப் பார்க்காத வரை அது மனுதாரரின் நம்பிக்கை மட்டுமே. அப்படிப்பட்ட ஓர் ஊர் மனுதாரருக்குத் தெரிந்தால் தெரியப்படுத்தவும்.

அதற்குள் ஊரில் வேறு விஷயங்கள் நடந்துவிட்டன. பேட்டி கொடுத்ததற்கு நன்றியாக வீட்டுக்கு ஒரு சோப்பு கொடுத்திருந்தார்கள். ஒரு வாரம் கழித்து அதே வெள்ளை வண்டி பதறிக்கொண்டு திரும்பி வந்தது. சோப்பு கொடுத்தால் கை சுத்தமாகும், கை சுத்தமானால் ஒப்பீடு நாசமாகும். எனவே எல்லா சோப்பையும் திரும்ப வாங்கித் தராசில் நிறுத்தார்கள். எந்த வீடு எத்தனை கிராம் சுத்தமாகிவிட்டது என்று எழுதிக்கொண்டார்கள். சிலாஸ் தன் சோப்பைத் தொடவே இல்லை. அவனைத் தட்டிக்கொடுத்துப் படம் எடுத்தார்கள். சோப்புக்குப் பதிலாக வீட்டுக்கு ஒரு கிலோ சர்க்கரை கொடுத்தார்கள். சர்க்கரையால் யாரும் சுத்தமாக மாட்டார்கள்.

ஒடேராவின் மனைவி அபோண்டி உலாலோவில் பிறந்தவள். ஒருநாள் பிளாஸ்டிக் கேனைத் தலையில் வைத்துக்கொண்டு பிறந்த வீட்டுக்குப் போய், அப்பாவின் வாசலில் இருந்த புதுப் பம்பில் தண்ணீர் பிடித்து வந்தாள். மூன்றாம் நாள் கழகத்திலிருந்து ஆள் வந்து அவளை 'கசிவு' என்று பதிவு செய்தார்கள். அவளுடைய அப்பாவை அழைத்து, மகளுக்குத் தண்ணீர் கொடுப்பதில்லை என்று ரேகை வாங்கினார்கள். கிழவர் அவமானத்தில் இரண்டு நாள் ஒமேனா மீனைக்கூடத் தொடவில்லை. மருமகன் முகத்தில் எப்படி விழிப்பது என்பதுதான் அவருக்குப் பெரிய கவலை.

அடோங்கோவின் நாடா மஞ்சளின் நடுவுக்கு வந்தது. பெர்பெட்டுவா பேட்டிக்கு வந்தவள், பாயில் கிடந்த பிள்ளையைப் பார்த்தாள். வண்டி ஓட்டுநர் தூரத்தில் இருக்கிறானா என்று திரும்பிப் பார்த்தாள்.

"சித்தப்பா, நான் உங்களுக்கு எதுவும் சொல்லக் கூடாது. சொன்னா அது சுகாதாரக் கல்வி. என் வேலை போயிரும்." பிறகு வாசலில் கிளறிக்கொண்டிருந்த கோழியின் பக்கம் குனிந்தாள். "ஏ கோழி, உனக்கு வயிறு போச்சுன்னா ஒரு லிட்டர் தண்ணியை நல்லாக் கொதிக்க வச்சு ஆற வை. ஆறு சின்ன ஸ்பூன் சர்க்கரை, அரை ஸ்பூன் உப்பு. கொஞ்சம் கொஞ்சமாக் குடி. உப்பைக் கூடப் போட்டுராத, சரியா?"

கோழி ஒன்றும் சொல்லவில்லை. உள்ளே அபோண்டி அடுப்பு மூட்டும் சத்தம் கேட்டது. கழகத்தின் சர்க்கரை அந்த வீட்டில் அப்படித்தான் செலவானது. பிள்ளை அந்த முறை எழுந்து உட்கார்ந்தாள்.

ஆனால் எத்தனை நாளைக்குக் கோழியிடம் பேசுவது? சிக்கல் வேறு இடத்தில் இருந்தது.

நியாகோகோவில் ஒருவர் வாசலில் வந்து நின்று "வீடு எப்படி இருக்கு?" என்று கேட்டால், "நல்லா இருக்கோம்" என்றுதான் சொல்ல வேண்டும். கூரை எரிந்துகொண்டிருந்தாலும் அப்படித்தான். முதலில் நல்லா இருக்கோம். பிறகு அவரை உட்கார வைத்து, கூழ் கொடுத்து, அவருடைய மாட்டை விசாரித்து, அதற்கப்புறம்தான் "ஆனா" என்று ஆரம்பிப்பார்கள். அந்த ஆனாவுக்குப் பிறகு வருவதுதான் செய்தி. வந்தவரும் அதற்காகத்தான் காத்திருப்பார். காத்திருக்காமல் எழுந்து போகிறவன் மனுஷனே இல்லை.

கழகத்தின் கையடக்கக் கணினியில் முதல் கேள்வி: வீடு எப்படி இருக்கிறது? வந்த பதில் 'நலம்' என்றால், வயிறு, காய்ச்சல், தண்ணீர், இருமல் பற்றிய இருநூறு கேள்விகளையும் அது ஒரே தாவலில் தாண்டி, வீட்டில் எத்தனை ரேடியோ என்று கேட்கும். பேட்டியாளர் கூழ் வாங்கிக் குடிக்கக் கூடாது. குடித்தால் உறவு வந்துவிடும். ஊரில் ஒவ்வொரு வீடும் 'நல்லா இருக்கோம்' என்று சொல்லிவிட்டு, இந்தப் பெண் எப்போது உட்காருவாள், எப்போது ஆனா சொல்லலாம் என்று காத்திருந்தது. அதற்குள் கணினி ரேடியோவுக்குப் போய்விடும்.

பெர்பெட்டுவா இதை அலுவலகத்தில் சொல்லிப் பார்த்தாள். அவளை ஏரிக்கரை ஓட்டலுக்கு ஐந்து நாள் மறுபயிற்சிக்கு அனுப்பினார்கள். எந்தப் பதிலைக் கேட்டாலும் முகம் மாறாமல் இருப்பது எப்படி என்று அங்கே சொல்லிக்கொடுத்தார்கள். திரும்பி வந்தபோது அவள் முகம் கதவு மாதிரி இருந்தது.

ஒடேரா ஒரு முடிவுக்கு வந்தான். அடுத்த பேட்டியில் மரியாதையைத் தூக்கி எறிவது. அவள் வந்தாள், கேட்டாள். ஒடேரா கண்ணை மூடிக்கொண்டான்.

"நாங்க நல்லா இல்ல."

பெர்பெட்டுவாவின் கதவு முகத்தில் ஒரு விரிசல் விழுந்தது. அவள் அவசரமாகக் கணினியில் அந்தப் பதிலை அழுத்தினாள். கணினி சிவப்பானது. இந்தப் பதில் இந்த வீட்டின் முந்தைய பதினெட்டுப் பதில்களோடு பொருந்தவில்லை, மறுபடி கேட்கவும். மறுபடி கேட்டாள். நல்லா இல்ல. வீட்டில் உள்ள மற்றொரு பெரியவரிடம் உறுதி செய்யவும். அபோண்டி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். வாசலில் விருந்தாளி நிற்க, புருஷன் எடுத்த எடுப்பில் இப்படிப் பேசியது அவளுக்குத் தலைகுனிவாக இருந்தது.

"அடோங்கோ அப்பாவுக்கு வெயில்ல தலை சுத்துது போல. நாங்க நல்லா இருக்கோம் மகளே. உள்ள வா, உக்காரு."

கணினி பச்சையானது. வீட்டில் எத்தனை ரேடியோ என்று கேட்டது.

இருபத்திநாலாவது மாதம் முடிவை வெளியிடும் கூட்டம் நடந்தது. பள்ளிக்கூட மைதானத்தில் பந்தல், இரண்டு ஊருக்கும் ஒரே நிறத் தொப்பி, மேடையில் வரிசையாகத் தண்ணீர் பாட்டில். நியாகோகோ ஆட்களுக்கு வழக்கம்போலச் சர்க்கரை. நாடா அந்த வாரம் மஞ்சளின் கடைசிக் கோட்டில் நின்றது. ஒடேரா மகளைத் தோளில் போட்டுக்கொண்டு வந்திருந்தான். சட்டைப் பையில் வாஷர் இருந்தது. இன்றோடு ரேகை வைத்த கெடு முடிகிறது. பம்பு நல்லது என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும், புதுப் பம்புகூட வேண்டாம், நேரே போய் இதை மாட்டிவிடுவான்.

டாக்டர் ஒசோகோ ஒலிபெருக்கியைத் தட்டிப் பார்த்தார்.

"நான் முப்பது வருஷமா ஒரு மூடநம்பிக்கையில இருந்தேன். தண்ணி நல்லதுன்னு. இன்னைக்கு அறிவியல் என் ஆணவத்தை உடைச்சிருச்சு. பம்பு இருக்குற உலாலோவுல நூத்துக்கு அறுபத்தொரு வீடுதான் நலம். பம்பே இல்லாத நியாகோகோவுல தொண்ணூத்தெட்டு. நான் சொல்லலை, எண்ணு சொல்லுது. இந்தப் பணிவுக்காக எனக்கு வெளிநாட்டுல ஒரு விருது குடுத்தாங்க. பணிவோட வாங்கிக்கிட்டேன்." பாட்டிலைத் திறந்து பாதியைக் குடித்தார்.

உலாலோக்காரர்களுக்குப் பம்போடு சேர்த்து, மனக்குறையை வெளிப்படையாகச் சொல்லும் பயிற்சியும் கொடுத்திருந்தார்கள். அதனால் அவர்கள் முதல் கேள்விக்கே மூட்டு வலியிலிருந்து மருமகள் வரை கொட்டிவிட்டார்கள். நியாகோகோவில் நலமில்லாத இரண்டு வீடுகளில் ஒன்று பூட்டிக் கிடந்தது. இன்னொன்றில் கேள்வி கேட்பதற்குள் கிழவர் தூங்கிவிட்டார்.

"தண்ணியே இல்லாம இவங்க இவ்வளவு நலமா இருக்குற ரகசியம் என்ன?" இயக்குநர் பாட்டிலின் மீதியையும் குடித்தார். "உலகமே கேக்குது. அதனால ஆய்வு இன்னும் அஞ்சு வருஷம் நீளுது. நியாகோகோவுல ஒரு கல்லுகூட நகரக் கூடாது. உலாலோவுல இருக்குற பம்பையும் கழட்டிப் பாக்கலாமான்னு ஒரு யோசனை இருக்கு. இப்ப ஊர் சார்பா ஒருத்தர் பேசட்டும். ஒடேரா, வாங்க."

வட்டாரத் தலைவர் கையைப் பிடித்து ஏற்றிவிட்டார். ஒடேரா வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்திருந்தான். நல்லா இல்ல, பிள்ளைக்கு வயிறு, கை நாடா மஞ்சள், ஒரு வாஷர், அரை நாள் வேலை. வரிசைகூட மாறவில்லை. அடோங்கோ தோளில் தூங்கினாள். அவளுக்குக் கனமே இல்லை.

ஒலிபெருக்கி அவன் வாய்க்கு நேரே வந்தது. "சொல்லுங்க ஒடேரா. உங்க ஊரு எப்படி இருக்கு?"

ஒடேரா நிமிர்ந்து பார்த்தான். முதல் வரிசையில், நாற்காலியின் நுனியில், தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு மாமனார் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் மாமியார், மச்சான்கள், உலாலோவின் பெரிய மனிதர்கள் அத்தனை பேரும். மாமனார் வீட்டு ஆட்களுக்கு முன்னால் ஆண்பிள்ளை சத்தமாகத் தும்மக்கூட மாட்டான். விசாரித்தவர்களிடம் எடுத்த எடுப்பில் குறை சொல்வதா? மாமனார் அவனைப் பார்த்து மெதுவாகத் தலையசைத்தார். ஒடேராவின் வாய் அவனைக் கேட்கவில்லை.

"நல்லா இருக்கோம்."

பந்தல் அதிர்ந்தது. மேளம் முழங்கியது, படம் எடுத்தார்கள், வெளிநாட்டுப் பேராசிரியர் ஒருவர் எழுந்து நின்று கைதட்டினார். ஒடேரா காத்திருந்தான். கைதட்டல் ஓயட்டும், யாராவது உட்காரச் சொல்லட்டும், ஆனா என்று ஆரம்பிக்கலாம். கைதட்டல் ஓய்ந்தபோது ஒலிபெருக்கி அவன் வாய்க்கு முன்னால் இல்லை. வட்டாரத் தலைவர் நன்றியுரை சொல்லிக்கொண்டிருந்தார்.

அவன் மைதானத்தின் பின்பக்கமாக இறங்கி, நேரே பம்புக்குப் போனான். கெடு முடிந்தது என்று அவன் கணக்கு. அவனுக்கு முன்னால் கழகம் போய்விட்டிருந்தது. பம்பைச் சுற்றிப் புதுக் கம்பிவேலி, கை அகலப் பூட்டு, 'பாதுகாக்கப்பட்ட ஒப்பீட்டுப் பகுதி' என்று பலகை. வேலிக்கு உள்ளே, காக்கிச் சட்டையில் மடிப்புக் கலையாமல், ஒரு நோட்டுப் புத்தகத்தோடு சிலாஸ் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தான்.

"காலையிலதான் கூப்பிட்டாங்க," என்றான் சிலாஸ், தரையைப் பார்த்துக்கொண்டு. "சோப்பைத் தொடாத ஆளு நம்பகமான ஆளாம். சாவி ஆபீஸ்ல இருக்குடா. என்னையும் உள்ள வச்சுத்தான் பூட்டிட்டுப் போனாங்க. அஞ்சு மணிக்கு வந்து திறப்பாங்க."

ஒடேரா வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றான். சிலாஸ் எழுந்து ஸ்டூலைத் தூக்கி வேலிக்கு மேலாக அந்தப் பக்கம் இறக்கிவைத்தான்.

"உக்காரு. வீடு எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கோம்."

சிலாஸ் காத்திருந்தான். ஈ ஓட்டவில்லை, கைக்கடிகாரத்தைப் பார்க்கவில்லை, எதையும் குறித்துக்கொள்ளவில்லை. சும்மா காத்திருந்தான். பிறகு கேட்டான்.

"ஆனா?"

ஒடேரா மகளை மடியில் இறக்கிப் படுக்கவைத்துக்கொண்டு ஆரம்பித்தான். வயிறு, நாடா, மஞ்சள், கடைசிக் கோடு, மாமனார், ஒலிபெருக்கி எல்லாம் சொன்னான். சொல்லி முடிய வெகு நேரம் ஆயிற்று. சட்டைப் பையிலிருந்து வாஷரை எடுத்து வேலியின் ஓட்டை வழியாக நீட்டினான். சிலாஸ் அதை உள்ளங்கையில் வைத்துத் திருப்பிப் பார்த்தான். நல்லா வெட்டியிருக்க என்றான். பம்பு அவன் முதுகுக்குப் பின்னால் ஒரு கை தூரத்தில்தான் இருந்தது. ஆனால் குழாயையும் கம்பியையும் கழகம் அளந்து பார்க்கக் காலையிலேயே எடுத்துக்கொண்டு போய்விட்டது. வாஷரை மாட்ட அங்கே ஒன்றும் இல்லை. அதைத் துடைத்து அதே ஓட்டை வழியாகத் திருப்பிக் கொடுத்தான்.

தூரத்தில் வெள்ளை வண்டியின் சத்தம் கேட்டது. ஒடேரா எழுந்ததும் சிலாஸ் ஸ்டூலை வேலிக்கு மேலாக உள்ளே எடுத்துக்கொண்டு, நோட்டுப் புத்தகத்தைத் திறந்தான். வருகிறவர் போகிறவரையெல்லாம் எழுதிவைக்க வேண்டும் என்பது அவன் வேலை. பெயர்: ஒடேரா. வந்த காரணம் என்ற கட்டத்துக்கு நேரே பேனாவைக் கொஞ்ச நேரம் வைத்துக்கொண்டிருந்தான். கட்டம் இரண்டு விரல் அகலம்தான் இருந்தது. நலம் விசாரிக்க, என்று எழுதினான்.